கையெழுத்து ஏராளம், கடிதம் அரிது: ஜிம்மி கார்ட்டரைச் சேகரிக்க நினைப்பவர்களுக்கு

தலைப்புப் பக்கத்தில் கறுப்பு மையில் 'ஜே கார்ட்டர்' என்று ஒரு கையெழுத்து. எதிர்ப் பக்கத்தைப் பார்த்தால் அதே கையெழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி மங்கலாகப் படிந்திருக்கிறது. பழைய புத்தகக் கடையில் இப்படி ஒரு பிரதியைப் பார்க்கிறவர் கறை என்று நினைத்துக் கீழே வைத்துவிடுவார். விவரம் தெரிந்தவர் அதைத்தான் கையில் எடுப்பார். மை காய்வதற்குள் புத்தகத்தை மூடி நகர்த்திவிட்டு அடுத்ததை நீட்டியிருக்கிறார்கள். எழுதிய கை யாருடையது என்று அந்தக் கறை சொல்லாது. ஆனால் ஈர மை தாளைத் தொட்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். போலிகளைச் சலிக்க அது ஒரு நல்ல தொடக்கம்.

ஜிம்மி கார்ட்டர் 1924 அக்டோபர் 1 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். 1977 முதல் 1981 வரை அமெரிக்காவின் 39ஆவது அதிபர். 2024 டிசம்பர் 29 அன்று நூறு வயதில் காலமானார். பதவியில் இருந்தது 4 ஆண்டு, பதவியை விட்டபின் வாழ்ந்தது ஏறக்குறைய 44 ஆண்டு. அந்த நீண்ட ஓய்வுக்காலத்தில் நினைவுக் குறிப்பு, கவிதை, நாவல், மீன்பிடித்தல், முதுமை, பைபிள் பாடம் என்று எதையும் விட்டுவைக்காமல் முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். புத்தகம் வெளிவந்ததும் கடை கடையாகப் போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அதிபர்களிலேயே மிக அதிகமான நூல்களில் கையெழுத்திட்டவர்களில் அவர் ஒருவர். அதனால் அவர் கையெழுத்து இட்ட நூல் ஒன்றை வாங்குவது ஒரு அதிபரைச் சேகரிக்க விரும்புகிறவருக்குக் கிடைக்கும் மிக மலிவான நுழைவுச் சீட்டு. பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோன வில்லியம் ஹென்றி ஹாரிசன் அதிபராக இருந்தபோது கையொப்பமிட்ட தாள் வேண்டுமென்றால் சொத்தை விற்க வேண்டியிருக்கும்.

மலிவு என்பதால் எல்லாம் ஒரே தரம் என்று எண்ணிவிடக் கூடாது. கார்ட்டர் விஷயத்தில் கையெழுத்து அரிய பொருளே அல்ல. பெயரை முழுதாக எழுதினாரா, எந்த ஆண்டில், எந்தத் தாளில், யாருக்கு, என்ன சொல்லி எழுதினார் என்பதில்தான் அருமை இருக்கிறது.

பெயர் சுருங்கிய கதை

அவருடைய முழுப்பெயர் ஜேம்ஸ் ஏர்ல் கார்ட்டர் ஜூனியர். ஆனால் 1977 ஜனவரி 20 அன்று பதவிப் பிரமாணம்கூட 'ஜிம்மி கார்ட்டர்' என்ற பெயரில்தான் எடுத்துக்கொண்டார். அரசு ஆவணங்களிலும் அந்தப் பெயரே. 'ஜேம்ஸ் ஏர்ல் கார்ட்டர்' என்று முழுப்பெயரில் இட்ட கையெழுத்து மிக அபூர்வம். அந்த அபூர்வத்தைத்தான் போலி செய்கிறவர்களும் குறிவைக்கிறார்கள். முழுப்பெயர்க் கையெழுத்து ஒன்று இணைய ஏலத்தில் குறைந்த விலைக்கு வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

அரசியலில் இருந்த காலத்திலும் பதவியை விட்ட முதல் சில ஆண்டுகளிலும் 'ஜிம்மி கார்ட்டர்' என்று இரண்டு சொல்லையும் எழுதினார். பிறகு புத்தகக் கடைகளில் கூட்டம் பெருகியது. ஒரே அமர்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளில் கையெழுத்திட வேண்டியிருந்தது. 'ஜிம்மி' கழிந்து 'ஜே' மட்டும் மிஞ்சியது. எனவே பிற்கால நூல்களில் 'ஜே கார்ட்டர்' என்பதே வழக்கம். முழுதாக 'ஜிம்மி கார்ட்டர்' என்று இருந்தால் கூடுதல் விலை கேட்பார்கள், அது நியாயம்தான். 2010க்குப் பிந்தைய நூலில், கடையில் வரிசையில் நின்று வாங்கியது என்ற கதையோடு, நிதானமாக எழுதிய முழுக் கையெழுத்து இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். தனியாக அலுவலகத்தில் வைத்துக் கையெழுத்திட்டிருக்கலாம். அப்படியென்றால் சொல்லப்படும் கதையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

அந்த அமர்வுகளின் நடைமுறை தெரிந்திருந்தால் பல பொய்களைப் பிடித்துவிடலாம். கடையில் நூலை வாங்கினால்தான் சீட்டு. ஊழியர்கள் மேலுறையின் மடிப்பைத் தலைப்புப் பக்கத்தில் செருகி, அந்தப் பக்கம் உடனே திறக்கும்படி தயாராக வைத்திருப்பார்கள். ஒருவர் திறந்து நீட்ட, கார்ட்டர் கையெழுத்திட, இன்னொருவர் இழுத்துக்கொள்வார். பெயர் எழுதித் தருவது, வாழ்த்து எழுதுவது, உடன் நின்று படம் எடுப்பது, வேறு பொருளில் கையெழுத்து வாங்குவது எதுவும் பொதுவாக அனுமதி இல்லை. ஆகவே கடை அமர்வில் வாங்கியது என்று சொல்லப்படும் பிரதியில் கையெழுத்து தலைப்புப் பக்கத்திலோ அதற்கு முந்தைய அரைத் தலைப்புப் பக்கத்திலோ, வாழ்த்து எதுவும் இன்றி, அவசரமாக இருப்பதுதான் இயல்பு. மேலுறை மடிப்பில் புதிய மடிப்புக் கோடு தெரிந்தாலும் அது இந்த வேலையின் தடம்தான்.

எந்த நூலைத் தேடுவது

1975இல் நாஷ்வில் நகரின் பிராட்மேன் பிரஸ் என்ற கிறிஸ்தவப் பதிப்பகம் வெளியிட்ட 'ஒய் நாட் த பெஸ்ட்?' தான் முதல் நூல். நாடே 'ஜிம்மி யார்?' என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தேர்தல் களத்துக்காக எழுதியது. அதில் அந்தக் காலத்திலேயே இட்ட முழுக் கையெழுத்து இருந்தால் நல்ல வேட்டை. பின்னாளில் யாரோ கொண்டுபோய் நீட்டி 'ஜே கார்ட்டர்' வாங்கிய பிரதி அவ்வளவு அருமையானதல்ல. எழுத்தின் பாணியை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம். 1982இல் வந்த 'கீப்பிங் ஃபெய்த்' வெள்ளை மாளிகை ஆண்டுகளின் நினைவுக் குறிப்பு. பதிப்பகமே பெட்டி உறையோடு கையெழுத்திட்ட வரையறுக்கப்பட்ட பதிப்பையும் அதற்கு வெளியிட்டது. முதல் முறை வாங்குகிறவர்கள் அதில் தொடங்கலாம், ஏமாறும் வாய்ப்புக் குறைவு.

கார்ட்டரும் மனைவி ரோசலினும் சேர்ந்து எழுதிய 'எவ்ரிதிங் டு கெய்ன்' (1987) தனி ரகம். ஒரே நிகழ்ச்சியை இருவரும் வேறு வேறாக நினைவில் வைத்திருந்ததால் எழுதும்போது பெரிய தகராறு. கடைசியில் ஒத்துவராத பத்திகளுக்கு முன்னால் அவரவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, கணவர் சொல்வது இது, மனைவி சொல்வது இது என்று பிரித்துக்கொண்டார்கள். இந்த நூலில் ரோசலின் கார்ட்டரின் கையெழுத்தும் சேர்ந்திருந்தால்தான் பிரதி முழுமை. ரோசலின் 2023 நவம்பர் 19 அன்று காலமானார். கார்ட்டர் 2023 பிப்ரவரியிலேயே இறுதிக்காலப் பராமரிப்புக்குள் போய்விட்டார். கடைசி நூலான 'ஃபெய்த்' வந்தது 2018இல். எனவே 2023க்குப் பிறகு கையெழுத்து வாங்கினேன் என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மகள் ஏமி படம் வரைந்த குழந்தைகள் நூல் ஒன்றும் 1995இல் வந்தது. தந்தை, மகள் இருவர் கையெழுத்தும் உள்ள பிரதி அடிக்கடி கண்ணில் படாது.

நம் பக்கத் தொடர்பு ஒன்றும் இந்த அலமாரியில் உண்டு. கார்ட்டரின் தாய் லில்லியன், அறுபத்தெட்டு வயதில் பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பு வழியாக மும்பை அருகே விக்ரோலிக்கு வந்து 1966 முதல் 1968 வரை செவிலியராக வேலை செய்தவர். அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1977இல் நூலாயின. மகன் அதிபரான ஆண்டு என்பதால் அந்த அம்மாளும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருக்கிறார். அமெரிக்க டீலர்கள் இதைத் துணைச் சரக்காகவே நடத்துகிறார்கள். இந்தியாவில் சேகரிக்கிறவருக்கு இதுதான் முதல் சரக்காக இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

முதற்பதிப்பா என்று பார்ப்பது தனி வேலை. காப்புரிமைப் பக்கத்தில் எண் வரிசை இருக்கும். அதில் 1 இருந்தால் முதல் அச்சு. வரிசையில் உள்ள மிகச் சிறிய எண் 4 என்றால் நான்காம் அச்சு. மேலுறையின் உள்மடிப்பில் விலை அச்சாகாமல், பின்னட்டையின் அடிப்பகுதியில் சிறு குழி அழுத்தம் இருந்தால் பெரும்பாலும் புத்தகக் கழகப் பதிப்பு, அதாவது கழக உறுப்பினர்களுக்காகத் தனியே அச்சிட்டது. அதில் கையெழுத்து உண்மையாகவே இருந்தாலும் விலை பாதிக்கு இறங்கும். விலை அச்சான மூலையைக் கத்தரித்திருந்தால் பரிசாகக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். குறைதான், ஆனால் குற்றம் இல்லை.

தாள் தனி, நூல் தனி

கையெழுத்துள்ள நூல் எல்லாம் அதிபர் கையில் தவழ்ந்த நூல் அல்ல. தோல் கட்டும் தங்க விளிம்புமாக வரும் ஈஸ்டன் பிரஸ் பதிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டு கட்டாக வெற்றுத் தாள்கள் முதலில் எழுத்தாளரிடம் போகும். அவர் தாளில் கையெழுத்திட்டு அனுப்புவார். பிறகுதான் அது நூலோடு சேர்த்துக் கட்டப்படும். கார்ட்டரின் பல நூல்கள் இப்படி வந்திருக்கின்றன. கையெழுத்து உண்மையானது, சான்றிதழும் கூட வரும், நம்பிக்கையாக வாங்கலாம். ஆனால் அவர் அந்த நூலைத் தொடவில்லை.

ஒட்டுச் சீட்டு இதற்கும் ஒருபடி கீழே. பெயர்ச் சீட்டில் கையெழுத்திட்டு, அதை நூலின் உள்ளட்டையில் ஒட்டியிருப்பார்கள். ஒட்டியதைப் பெயர்த்து வேறு நூலில் ஒட்ட முடியும் என்பதால் விலை குறைவு. மலிவான பத்தாம் அச்சில் இருந்த சீட்டை உரித்து முதற்பதிப்பில் ஒட்டிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். பழைய பசை தன் விளிம்பைச் சுற்றி லேசான பழுப்பு நிறம் விட்டிருக்கும். சீட்டின் வயதுக்கும் அந்தப் பழுப்புக்கும் பொருத்தம் இல்லையென்றால் சீட்டு இடம் மாறியிருக்கிறது.

கடிதங்கள்

டீலர் பட்டியலில் ஏ.எல்.எஸ். என்றால் முழுவதும் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். டி.எல்.எஸ். என்றால் தட்டச்சு செய்து கீழே கையெழுத்திட்டது. டி.எஸ். என்பது கையெழுத்திட்ட ஆவணம். இந்த மூன்று குறிகளையும் படிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

கார்ட்டர் கடிதங்களை மூன்று காலமாகப் பிரிக்கலாம். முதலாவது 1971 முதல் 1975 வரை ஜார்ஜியாவின் கவர்னராக இருந்த காலம் (அங்கே கவர்னர் என்றால் மக்கள் தேர்ந்தெடுத்தவர், நம் ஊர் முதல்வருக்குச் சமம்). இரண்டாவது வெள்ளை மாளிகை. மூன்றாவது அதற்குப் பிந்தைய நாற்பத்து சொச்சம் ஆண்டுகள். மூன்றாவதில் தாள் மிக எளிமை. மேலே 'ஜிம்மி கார்ட்டர்' என்று பெயர் மட்டும் அச்சாகியிருக்கும். இலச்சினை, பட்டம் எதுவும் இருக்காது. நன்றி, வாழ்த்து, அழைப்பை ஏற்க இயலாமை என்று இரண்டு மூன்று வரிகள். இவை நிறையக் கிடைக்கும், விலையும் எட்டக்கூடியதே. வெள்ளை மாளிகைத் தாளில், அதிபராக இருந்தபோது, கைப்பட எழுதிய கடிதம்தான் உச்சம். அதற்கு அடுத்த இடம் அதே தாளில் தட்டச்சு செய்து, கீழே அவரே பேனாவால் ஒரு வரி பின்குறிப்புச் சேர்த்த கடிதத்துக்கு. தட்டச்சைச் செயலாளர் செய்திருப்பார், பின்குறிப்பை அவர்தான் எழுதியிருக்க வேண்டும். சந்தேகமான கையெழுத்தைக்கூட ஒரு வரிப் பின்குறிப்பு காப்பாற்றிவிடும்.

ஊழியர்கள் அனுப்பிய குறிப்புகளின் ஓரத்தில் முடிவை எழுதி 'ஜே' என்று ஒற்றை எழுத்தைப் போடுவது அவர் பழக்கம். அப்படிப்பட்ட மூலத் தாள் சந்தைக்கு வந்தால் உடனே எழ வேண்டிய கேள்வி, இது வெளியே எப்படி வந்தது என்பது. கார்ட்டர் 1978 நவம்பரில் கையெழுத்திட்ட அதிபர் ஆவணச் சட்டம், அதிபரின் அலுவல் ஆவணங்களை அரசின் சொத்தாக்கியது. ஆனால் அது 1981 ஜனவரி 20 அன்று பதவியேற்றவரிலிருந்துதான் செல்லும். அதாவது சட்டத்தைப் போட்டவருக்கு அது பொருந்தவில்லை, ரீகன் முதல்தான் பொருந்தியது. தன் ஆவணங்களைச் சட்டப்படி சொந்தமாக வைத்திருந்த கடைசி அதிபர் கார்ட்டர்தான். அவரும் அவற்றைக் கொடையாகக் கொடுத்துவிட்டார். அட்லாண்டாவில் 1986இல் திறந்த அவருடைய நூலகத்தில் அவை இருக்கின்றன. எனவே உள்சுற்றுக் குறிப்பு ஒன்று விற்பனைக்கு வந்தால் நூலகத்தில் இருக்க வேண்டியது வழிதவறி வந்ததா என்று பார்த்துக்கொள்வது வாங்குகிறவர் பொறுப்பு. வெளியாருக்கு அனுப்பிய கடிதம் வேறு. அது பெற்றவருக்குச் சொந்தம், அவர் விற்கலாம். ஆனால் பதவியை விட்டபின் எழுதிய கடிதத்தில் உள்ள சொற்களின் காப்புரிமை எழுதியவரிடமும் அவர் வாரிசுகளிடமுமே இருக்கும். கடிதத்தை வாங்கியவர் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம், முழுதாகப் புத்தகத்தில் அச்சிட முடியாது.

கையும் இயந்திரமும்

அதிபர்கள் தாங்களே கையெழுத்திடாத வரலாறு நீளமானது. ஜெஃபர்சன் ஒரு பேனாவால் எழுதினால் இணைந்த இன்னொரு பேனா அதே நேரத்தில் நகல் எழுதும் பாலிகிராஃப் என்ற கருவியை வைத்திருந்தார். 1833இல் நிலப் பட்டயங்களில் அதிபர் சார்பில் செயலாளர் கையெழுத்திடலாம் என்று சட்டமே வந்தது. அதற்குப் பிந்தைய நிலப் பட்டயங்களில் அதிபர் பெயர் இருந்தாலும் கை செயலாளருடையது. இன்றும் பலர் அவற்றை 'லிங்கன் கையெழுத்து' என்று நினைத்து வாங்கிக் கைசுட்டுக்கொள்கிறார்கள். கென்னடி காலத்தில் ஆட்டோபென் என்ற கையெழுத்திடும் இயந்திரம் பரவலானது. 1965இல் சார்லஸ் ஹாமில்டன் என்ற வல்லுநர் கென்னடியின் இயந்திரக் கையெழுத்து வடிவங்களைப் பற்றித் தனி நூலே போட்டார். கார்ட்டர் அலுவலகமும் ஆட்டோபென்னைப் பயன்படுத்தியது. பொதுமக்கள் கடிதத்துக்குப் பதில், படம் கேட்டவர்களுக்கு அனுப்பிய படம் ஆகியவற்றில் அது தாராளம்.

பழைய ஆட்டோபென்னில் அசல் கையெழுத்தின் வளைவுகளுக்கேற்ப விளிம்பு வெட்டிய ஒரு தகடு சுழலும். தகட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டு போகும் கரம், மறுமுனையில் செருகிய பேனாவை நகர்த்தும். எந்தப் பேனாவையும் மாட்டலாம். அதனால் உண்மையான மை, உண்மையான அழுத்தம், தாளின் பின்பக்கத்தில் தடம் எல்லாம் இருக்கும். இங்கேதான் ஆரம்பநிலைக்காரர் விழுகிறார்: 'மை அசல்தான், எனவே கையெழுத்தும் அசல்.' மனிதக் கை வளைவில் தயங்கும், நேர்க்கோட்டில் பாயும், முடிவில் தூக்கும்போது கோடு மெலியும். இயந்திரம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே வேகம், ஒரே அழுத்தம். அதனால் கோடு முழுதும் ஒரே தடிமன். பேனா இறங்கும் இடத்திலும் எழும் இடத்திலும் மை தேங்கிச் சிறு புள்ளி விழும். நீளமான வளைவில் நுண்ணிய நடுக்கம் தெரியும். இயங்கும்போது தாள் நழுவினால் ஒரு எழுத்து மட்டும் நீண்டோ நசுங்கியோ போகும். அதைக் காட்டி 'பார், இது மாறியிருக்கிறது, எனவே கை' என்று வாதாடுவோரும் உண்டு.

மறுக்க முடியாத சோதனை ஒன்றுதான். உங்களிடம் உள்ள அதிபர் கையெழுத்தைச் சரியான அளவில் ஸ்கேன் செய்து, தெரிந்த ஆட்டோபென் வடிவங்களின் மேல் ஒளி ஊடுருவும் தாளில் வைத்துப் பாருங்கள். எந்த மனிதரும் இரண்டு முறை ஒரே அளவில், ஒரே சாய்வில் கையெழுத்திட மாட்டார். முடிக்கு முடி பொருந்தினால் அது இயந்திரம். பொருந்தாவிட்டால் இயந்திரம் அல்ல என்று முடிவுகட்டவும் முடியாது, ஒரே பெயருக்குப் பல தகடுகள் இருந்திருக்கும்.

நூல்களும் இதற்குத் தப்பவில்லை. 2022இல் பாடகர் பாப் டிலனின் நூல் ஒன்று, கைப்படக் கையெழுத்திட்ட பதிப்பு என்று 599 டாலருக்கு 900 பிரதிகள் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் தங்கள் படங்களை இணையத்தில் ஒப்பிட்டுப் பார்த்து இயந்திரம் என்று கண்டுபிடித்தார்கள். பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது, டிலனும் மன்னிப்புக் கேட்டார். பதிப்பகச் சான்றிதழ் இருந்தும் நடந்த கதை இது. கார்ட்டர் கடைகளில் நேரில் உட்கார்ந்து எழுதியவர் என்பதால் அவர் நூல்களில் ஆட்டோபென் பயம் குறைவு, கடிதத்திலும் படத்திலும்தான் அதிகம்.

அச்சுக் கையெழுத்து இன்னும் பெரிய குப்பை. நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதங்களில் நீல நிறத்தில் அச்சிட்ட கையெழுத்து, வெள்ளை மாளிகைக் கிறிஸ்துமஸ் அட்டையில் அச்சிட்ட கணவன் மனைவி பெயர், முன்னாள் அதிபரின் அஞ்சல் உறையில் தபால்தலைக்குப் பதிலாக வலது மேல் மூலையில் உள்ள கையெழுத்து. முன்னாள் அதிபர்களுக்குத் தபால்தலை ஒட்டாமல் கடிதம் அனுப்பும் உரிமையை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. அந்த உறைகளில் பிற்காலத்தில் பெரும்பாலும் அச்சுதான் இருக்கும். தாத்தா வீட்டு அலமாரியில் கிடைத்த 'அதிபர் கையெழுத்து' என்று வருகிறவற்றில் இந்த மூன்று வகையும் நிறைய.

லென்ஸை எடுங்கள்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் நகைக்கடை லென்ஸ் போதும். அச்சாக இருந்தால் கோட்டின் விளிம்பில் நுண்புள்ளிகள் தெரியும். லேசர் அச்சென்றால் கருந்தூள் தாளின் மேல் உட்கார்ந்து மினுங்கும். பேனா மை காகித இழைக்குள் இறங்கி விளிம்பில் கசிந்திருக்கும். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் மை இருமடங்கு அடர்ந்து கறுத்திருந்தால் அது பேனா. அச்சில் அந்த இடமும் மற்ற இடமும் ஒரே நிறம். பால்பாயிண்ட் பேனா என்றால் உருண்டை உருண்ட பள்ளம் தெரியும். பக்கவாட்டு ஒளியில் தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் மேடு தட்டும். ஸ்கெட்ச் பேனா போன்ற நார் நுனிப் பேனா பள்ளம் விடாது, எனவே பள்ளம் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

புற ஊதா விளக்கு கார்ட்டருக்கு அவ்வளவாக உதவாது. வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலந்த காகிதம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்தான் பரவியது; அந்த விளக்கில் அது நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். அதிபர் ஹூவரின் 1930களின் கடிதம் ஒன்று அப்படி ஒளிர்ந்தால் கதை முடிந்தது. கார்ட்டர் காலத்துத் தாள் ஒளிர்ந்தாலும் செய்தி இல்லை. ஆனால் அழித்து எழுதியிருந்தால், வாழ்த்தைச் சுரண்டியிருந்தால், அந்த இடம் வேறு நிறத்தில் காட்டிக்கொடுக்கும்.

வாழ்த்தைச் சுரண்டுவது ஏன்? 'மேரிக்கு அன்புடன்' என்று இருந்தால் மேரி அல்லாத யாரும் கூடுதல் பணம் தரமாட்டார்கள் என்ற எண்ணம். வெறும் கையெழுத்துக்கே சந்தையில் மதிப்பு என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் அந்த மேரி வரலாற்றில் இடம்பெற்றவர் என்றால் கணக்குத் தலைகீழ். 1978 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் எகிப்து, இஸ்ரேல் அமைதிப் பேச்சு முறியும் நிலையில் இருந்தது. இஸ்ரேல் பிரதமர் பெகின் மூன்று தலைவர்களின் படங்களில் தன் பேரக்குழந்தைகளுக்காகக் கையெழுத்துக் கேட்டிருந்தார். கார்ட்டர் வெறுமனே கையெழுத்திட்டு அனுப்பவில்லை. குழந்தைகளின் பெயர்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பெயரை எழுதித் தானே எடுத்துக்கொண்டு போனார். பெகின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கலங்கினார். பேச்சு மீண்டும் தொடங்கி 17ஆம் தேதி உடன்பாடு கையெழுத்தானது. அதில் ஒரு படம் ஏலத்துக்கு வந்தால் குழந்தையின் பெயருக்குத்தான் விலை.

சான்றிதழ் பற்றி

சான்றிதழ் என்பது கொடுத்தவரின் பெயரளவே மதிப்புள்ள தாள். விற்பவரே அச்சடித்துக் கொடுத்த சான்றிதழுக்கு அந்தத் தாளின் விலைகூட இல்லை. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள் உண்டு. படத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் விரைவுக் கருத்தும், பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துத் தரும் முழுக் கடிதமும் ஒன்றல்ல. விளம்பரத்தில் எது இருக்கிறது என்று கவனமாகப் படியுங்கள். விளையாட்டுக் கையெழுத்துகளைப் பழகியவர்கள் சரிபார்ப்பு ஒட்டியைத் தலைப்புப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்கிறார்கள். கிரிக்கெட் மட்டையில் ஒட்டுவதுபோல் புத்தகத்தில் ஒட்டினால் புத்தகம் கெட்டது. கடிதமாகவே வாங்குங்கள்.

இவற்றைவிடக் கனமானது பொருள் கைமாறி வந்த வரலாறு. கடை அமர்வின் சீட்டு, அன்றைய ரசீது, கடிதம் வந்த உறை, அந்தக் கடிதத்துக்குக் காரணமான முதல் கடிதத்தின் நகல். உறையில் உள்ள அஞ்சல் முத்திரைத் தேதி கடிதத் தேதிக்கு ஓரிரு நாள் பின்னால் இருக்க வேண்டும். உறையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் விற்க வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அந்தக் காலத்தில் கடிதத்தின் அடியில் உள்ள கையெழுத்தை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டினார்கள், அது அதைவிடப் பெரிய பாவம்.

வைத்துக் காப்பது

கடிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், எந்த ஒட்டுநாடாவும் வேண்டாம். இரும்புக் குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடிக்கும். பாலியெஸ்டர் உறை நல்லது, சாதாரண பி.வி.சி. உறை சில ஆண்டில் வியர்த்து மையை உருவிக்கொள்ளும். அமிலமில்லாத அட்டை, 21 டிகிரிக்கு மேல் போகாத வெப்பம், 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்பது ஏட்டுக் கணக்கு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அது குளிர்சாதன அறை இல்லாமல் நடக்காது. குறைந்தபட்சம் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து பூச்சி பார்த்தால் போதும். அந்துருண்டையைப் புத்தகத்தைத் தொடும்படி போட வேண்டாம். சுவரில் மாட்ட ஆசை இருந்தால் வண்ண நகலை மாட்டுங்கள். நார்ப் பேனா மை வெயிலில் வெளுக்கும் வேகம் பயமாக இருக்கும். புற ஊதாத் தடுப்புக் கண்ணாடி வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது.

புத்தகத்தின் மேலுறைக்குப் பாலியெஸ்டர் உறை போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் மை ஒற்றியிருந்தால் அழிக்க முயலாமல், இடையில் அமிலமில்லாத மெல்லிய தாள் ஒன்றை வையுங்கள். வாங்கிய ரசீதை அந்தப் பக்கத்துக்குள் செருகி வைக்கக் கூடாது. இன்றைய கடை ரசீது வெப்பத்தாள். இரண்டு மூன்று ஆண்டில் எழுத்து மறைந்துபோகும், பக்கத்திலும் பழுப்புத் தடம் விடும். அதை அன்றே நகலெடுத்து, நகலின் பின்புறம் எங்கே, என்று, யாரிடம், என்ன விலைக்கு என்று பென்சிலால் எழுதித் தனி உறையில் போட்டு நூலோடு வையுங்கள்.